வடக்கு வாசல் வழியாக வெளியே போகலாம்

முதியவர்களைப் பார்த்துக்கொள்வதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதில் பெரும்பங்கு என்னுடையதுதான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள் நான். கணவர் போன பிறகு திருச்சிக்கு வந்து, தில்லை நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் நடந்த வகுப்பில் நோயாளி பராமரிப்பு படித்தேன். படுக்கைப் புண் வராமல் ஆளைப் புரட்டிப் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் விஷயத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லிக் கொடுத்தார்கள்; அது மட்டும் ஏறவில்லை. இப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலி உண்டு. நோயாளி பார்க்காத நேரத்தில் மட்டும் நொண்டிக்கொள்வேன்.

இன்னாசிமுத்து ஐயாவின் வீட்டுக்கு நான் வேலைக்குப் போனது போன வருஷம் ஆடியில். மாதா பேராலயத்துக்குப் பின்தெருவில் ஒடுங்கலான வீடு. வாசலில் நின்று தலையைத் தூக்கினால் மணிக்கோபுரம் தெரியும். ஐயாவுக்கு எண்பதை நெருங்கிய வயது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து, கால் மட்டும் கொஞ்சம் தேறியிருந்தது. நாலுகால் தடியை இடது கையில் ஊன்றி நடப்பார். பேச்சு அடியோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல்: "அதான்." பசித்தாலும் அதான், கால் வலித்தாலும் அதான், காபியில் நான் சர்க்கரை போட மறந்தாலும் அதான்.

மனைவி செசிலி இறந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகன் தமிழ்மணி புனேயில் வேலை பார்க்கிறார். என்னை வேலைக்கு வைத்தவர் அவர்தான். நல்ல பிள்ளை. தினமும் வீடியோவில் கூப்பிடுவார். அப்பா "அதான்" என்பார். மகன், அப்பா சாப்பிட்டாரா என்று என்னிடம் கேட்டுக்கொண்டு வைத்துவிடுவார்.

ஐயாவின் கதையைப் பக்கத்து வீட்டு ஜீனத் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஐயா பிறந்ததே பேராலயத்து மதிலை ஒட்டிய வீட்டில்தான். பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டர். ஞானஸ்நானமும் கல்யாணமும் அதே கோயிலில் நடந்திருந்தும், அந்தக் கட்டடத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததே இல்லையாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேளாங்கண்ணிக்குப் போகிற பஸ் ஒன்று அங்கே நின்றது. இறங்கிய கூட்டம், ஸ்ரீரங்கமும் மலைக்கோட்டையும் பார்த்தாயிற்று, இங்கே என்ன விசேஷம் என்று கேட்டது. கோயிலைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளைக்கு மெழுகுத் துளிகளைச் சுரண்டுகிற வேலை. தப்பித்துக்கொள்ள, பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த ஐயாவைக் கைகாட்டிவிட்டார். வெளியூர்க்காரர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று ஐயா எழுந்து, வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

அன்றைக்கு ஆரம்பித்தது நிற்கவில்லை. வேலையில் இருந்தவரை ஞாயிறுதோறும், ஓய்வு பெற்ற பிறகு தினமும். காசு வாங்க மாட்டார். டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். சாமியார்களிடம் கேட்டும் கல்லூரிப் பிள்ளைகள் பேசுவதை ஒட்டுக் கேட்டும் விஷயம் சேர்த்து, ஒரு சொல் பிசகாமல் அதையே திரும்பத் திரும்பச் சொல்வார்.

"செசிலிக்கா கிட்ட பேசினதவிட அந்தத் தூணுங்க கிட்டதான் ஜாஸ்தி பேசியிருப்பாரு," என்றாள் ஜீனத். "இப்ப பாருங்கக்கா, ஒத்த வார்த்தையில குடும்பம் நடத்துறாரு."

அவர் சொன்னதெல்லாம் சரித்திரமா என்றால், அதற்கு நான் ஜவாப்தாரி இல்லை. படித்த சாமியார் ஒருவர், சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கட்டினார்கள் என்பதற்கு இந்தக் கோயிலில் ஆதாரம் எதுவும் இல்லை, அதை விட்டுவிடுங்கள் என்றாராம். ஐயாவும் விட்டுவிட்டார். ஆனால் முட்டை இல்லாத சுவரைப் பார்த்து யாருமே "அடேயப்பா" என்று சொல்லவில்லை. அடுத்த வாரமே முட்டை திரும்ப வந்துவிட்டது.

இப்படிப் பேசி வாழ்ந்த மனிதருக்குத்தான் நான் பேச்சு வரவழைக்கப் புறப்பட்டேன். வாரம் ஒருமுறை தில்லை நகரில் ஷஹனாஸ் என்ற பெண்ணிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போவேன். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், பொறுமைசாலி. படம் காட்டிப் பேர் சொல்ல வைக்க வேண்டும், வற்புறுத்தக் கூடாது என்றார். நான் படத்தோடு நிறுத்துவேனா? படத்து வாழைப்பழத்துக்கு வாயில் எச்சில் ஊறாது, நிஜப் பழம் காட்டினால்தான் சொல் வரும் என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து, தொட்டியத்துப் பூவன் பழம் ஒரு சீப்பு வாங்கினேன். "இது என்னங்க ஐயா?" என்று நீட்டுவேன். அவர் இடது கையால் வாங்கி, பல்லால் தோலை உரித்துத் தின்றுவிட்டு, "அதான்" என்பார். பல சீப்புகள் இப்படிப் போயின. ஐயாவுக்கு மலச்சிக்கல் தீர்ந்ததுதான் என் பேச்சுப் பயிற்சியில் கண்ட பலன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜீனத் நச்சரித்ததால் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பேராலயத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். மாதா கோயிலுக்குள் எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்று தெரியாது. வாசலிலேயே நின்றுகொண்டேன். பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. வெளியூர்க் குடும்பம் ஒன்று உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தது. அதில் ஒரு பெண் ஐயாவைப் பார்த்து, "இங்க என்னங்க விசேஷம்?" என்றாள்.

ஐயா தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார்.

"வாங்க, உள்ள வாங்க. இது சாதாரணக் கோயில் இல்ல, பேராலயம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கடைசியில சொல்றேன். வலது கைப் பக்கம் தீர்த்தத் தொட்டி, ஒரே கல்லு. சிலுவை போடுறவங்க போட்டுக்கங்க, போடாதவங்க சும்மா தொட்டுக்கங்க, தண்ணி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

முழங்காலை மறந்துவிட்டு நாற்காலியைத் தள்ளினேன். அவர் பேசிக்கொண்டே போனார். மேலே பாருங்க, இவ்வளவு அகலத்துக்கும் நடுவில் ஒரு தூண் கிடையாது, பாரத்தை வளைவுகள் பக்கத் தூண்களுக்குக் கடத்துகின்றன, வெளியே முட்டுச் சுவர்கள் தோள் கொடுத்து நிற்கின்றன என்றார். முதலில் இங்கே இருந்தது சின்னக் கோயில், கூட்டம் மழையில் நனைந்ததால் பெரிதாகக் கட்டினார்கள், வரைபடம் போட்டவர் வெளிநாட்டுச் சாமியார், சாந்து குழைத்தது நம் ஆட்கள் என்றார். சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் எல்லாம் வந்தன. முட்டையும் வந்தது. மைக் இல்லாத காலத்துப் பிரசங்க மேடை, சாயங்கால வெயிலில் பார்க்க வேண்டிய மேற்குச் சன்னலின் வண்ணக் கண்ணாடி, சாமியார் உடுப்பு மாற்றுகிற அறை என்று வரிசையாகச் சொல்லி, பீடத்தருகே இருந்த ஆயரின், அதாவது பிஷப்பின், நாற்காலியையும் விளக்கிவிட்டு முடித்தார்: "வடக்கு வாசல் வழியா வெளியே போகலாம். செருப்பு அங்கதான் இருக்கும். ஆண்டவர் ஆசீர்வதிப்பாரு."

அந்தக் குடும்பம் கும்பிட்டுவிட்டுப் போனது. நான் அங்கேயே நின்று புனேக்குப் போன் போட்டேன். "அப்பா பேசிட்டாரு தம்பி" என்றேன். ஷஹனாஸுக்குச் சொன்னேன். என்னை அனுப்பிய ஏஜென்சிக்குச் சொன்னேன். திரும்பும் வழியில் மீன்காரம்மாவிடமும் சொன்னேன். வாழைப்பழ வைத்தியத்தைப் பற்றி எல்லாரிடமும் கொஞ்சம் விளக்கமாகவே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, "தண்ணி வேணுங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"அதான்," என்றார்.

ஷஹனாஸ் மறுநாள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அது பேச்சு இல்லை, மனப்பாடம். செபம், பாட்டு, வாய்ப்பாடு மாதிரி மூளையில் அதற்குத் தனி இடம். தூண்டிவிட்டால் தண்டவாளத்தில் ரயில் மாதிரி கடைசி வரை ஓடும். நினைத்த இடத்தில் நிறுத்துவது அவரால் ஆகிற காரியம் இல்லை. இதைப் பேச்சு என்று வீட்டில் சொல்லி ஆசை காட்டிவிடாதீர்கள் என்றும் சொன்னார். ஆசை காட்டி முடித்து ஒரு நாள் ஆகியிருந்தது.

தமிழ்மணி அந்த வாரமே வந்து இறங்கினார். அப்பா எதிரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் என்னென்னவோ கேட்டார். கிடைத்தது ஒரே பதில். என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "உங்களுக்கும் வயசாகுது ஆனந்தம்மா. நீங்க விழுந்தா உங்களை யாரு தூக்குறது?" என்றார். என் நொண்டலைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. அப்பாவைப் புனேக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவது, இந்த வீட்டைக் காலி செய்துவிடுவது என்று முடிவாயிற்று. அங்கே பதினோராவது மாடி, லிப்ட் உண்டு, பகலில் நர்ஸ் வருவார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"வரீங்களாப்பா?" என்று கேட்டார்.

"அதான்."

"சம்மதம்தான்," என்றார் என்னிடம். பொங்கல் கழித்து வந்து கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சம்மதமா இல்லையா என்று எனக்கும் தெரியாது. இருக்காது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் என் சம்பளத்துக்கும் பங்கு உண்டு என்பதால் என் நினைப்பை நானே நம்பவில்லை. ஆனாலும் அவர் வாயாலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று, "வரமாட்டேன்" என்ற சொல்லைக் கார்த்திகை முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஐயா கொட்டாவி விட்டார்.

வழி கண்டுபிடித்தது அவர்தான். வெளியில் எல்லாரிடமும் நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். இங்கே உண்மையை எழுதுகிறேன். ஒரு நாள் தரை துடைப்பதற்காகக் குடிதண்ணீர்க் கேனை நகர்த்தி வாசற்கதவின் வலது பக்கம் வைத்திருந்தேன். கதவருகே நின்றிருந்த ஐயா அதைப் பார்த்தார். "வாங்க, உள்ள வாங்க," என்று ஆரம்பித்தார். தீர்த்தத் தொட்டி வந்ததும் தடியால் ஒரு தட்டு. டம்ளரை நீட்டினேன். குடித்துவிட்டுச் சுவர், முட்டை, சன்னல் எல்லாம் முடித்து, சமையலறைக்குப் பின்னாலிருந்த கொல்லைக் கதவைக் காட்டி, "வடக்கு வாசல் வழியா வெளியே போகலாம்" என்று சொல்லி ஓய்ந்தார்.

அதற்கப்புறம் அந்த வீடு பேராலயமாகிவிட்டது. கேன் வலது பக்கத்திலேயே நின்றது. "மேல பாருங்க" என்று தட்டினால் மின்விசிறி. பிரசங்க மேடையில் தட்டினால் டி.வி. சத்தம் போதவில்லை. மேற்குச் சன்னலுக்கு எங்கள் வீட்டுச் சன்னலே போதும். உடுப்பு மாற்றுகிற அறை கழிப்பறை, அதில்தான் சிரமம். எதைக் கேட்பதானாலும் வாசலிலிருந்தே தொடங்கியாக வேண்டும், நடுவில் குதிக்க வராது. அவசரம் என்றால் வரலாறு மூச்சிரைக்க ஓடும். வளைவுகள் பாரம் தாங்கி முடிப்பதற்குள் வேட்டி நனைந்த நாளும் உண்டு. ரயில் மட்டும் ஒருநாளும் வழியில் நின்றதில்லை. கழிப்பறைக்குள் உட்கார்ந்துகொண்டும் ஆயரின் நாற்காலியை விளக்கி, வடக்கு வாசலைக் காட்டி, ஆசீர்வாதம் சொன்ன பிறகுதான் கால் கழுவக் கூப்பிடுவார். கூப்பிடுவது "அதான்" என்று.

கூடத்தில் அவருடைய பழைய பிரம்பு நாற்காலி ஒன்று உண்டு. அதுதான் ஆயரின் நாற்காலி. அங்கே மட்டும் அவர் எதற்கும் தட்டியதில்லை.

பொங்கல் கழிந்தது. தமிழ்மணி வந்தார். சாமான்களை மூட்டை கட்ட எனக்குக் கைவராது என்று சொல்லி ஒதுங்கப் பார்த்தேன். நோயாளியின் துணிமணி கட்டுவது பாடத்திலேயே இருந்தது என்று ஜீனத்திடம் நானே பீற்றிக்கொண்டதை அவள் ஞாபகப்படுத்தினாள். கட்டினேன். கிளம்புகிற அன்றைக்குப் பெட்டி வாசற்கதவருகே நின்றது. விமான நிலையத்துக்கு டாக்சி சொல்லியாயிற்று. ஐயா வெள்ளைச் சட்டையில் கதவருகே நின்றார்.

"கிளம்பலாமாப்பா?"

"அதான்."

பாடத்தில் தேறாத பகுதி அப்போது வேலையைக் காட்டியது. வாயைத் திறந்துவிட்டேன். "இப்படிக் கேட்டா அவருக்கு வராது தம்பி. கோயில் பாக்க வந்தவங்க மாதிரி கேளுங்க. வாசல்லேர்ந்து அவரோட நடந்து வாங்க," என்று சொல்லி, தண்ணீர்க் கேனிலிருந்து கொல்லைக் கதவு வரை எது எது என்னவென்று விளக்கினேன்.

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லிக் கொடுத்து வச்சிருக்கீங்களா?"

"வரமாட்டேன்னு சொல்ல ஒரு மாசம் சொல்லிக் கொடுத்தேன் தம்பி. வரல. நான் சொல்லிக் கொடுத்து வர்றதா இருந்தா வாழைப்பழமே வந்திருக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று தெரியவில்லை. ஷூவைக் கழற்றினார். வெளியே போய்ப் படியில் நின்றார். சின்ன வயதில் ஞாயிறுதோறும் பசியோடு பின்னாலேயே அலைந்து கேட்ட கதைதான் அது, அவருக்கும் மனப்பாடம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்க என்னங்க விசேஷம்?" என்றார்.

தடி தரையைத் தட்டியது. "வாங்க, உள்ள வாங்க."

நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். கேன் வந்தது. தமிழ்மணி குனிந்து, வெளியூர்க்காரரைப் போலவே அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மின்விசிறி வந்தது, அண்ணாந்து பார்த்தார். முட்டை வந்தபோது, "அடேயப்பா," என்றார். பிரசங்க மேடை, சன்னல், கழிப்பறை எதிலும் தட்டு விழவில்லை. ஐயா மெல்ல நடந்து கூடத்துக்கு வந்து, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். கோயிலில் அதைக் கை நீட்டிக் காட்டுவாரே தவிர, கிட்டேகூடப் போக மாட்டார்.

"வித்தியாசம் என்னன்னு கடைசியில சொல்றேன்னேன்ல? பெருசா இருக்கிறதால இது பேராலயம் இல்ல. ஸ்ரீரங்கத்துக் கோபுரம் இதவிடப் பெருசு. இந்த நாற்காலியாலதான் பேராலயம். இது ஆயர் உக்கார்ற எடம். ஆயருங்க வருவாங்க, மாறிப் போவாங்க. நாற்காலி போகாது."

தடியால் ஒரு தட்டு. அப்புறம் பேச்சில்லை.

ரயில் நின்றுவிட்டது. எனக்குத்தான் முதலில் உறைக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி எடுத்துக் கொடுத்தேன்: "வடக்கு வாசல் வழியா..."

ஐயா என்னைப் பார்த்தார். பேசும்போது பின்வரிசையில் நின்று கிசுகிசுக்கிறவர்களை அவர் அப்படித்தான் பார்த்திருப்பார்.

தமிழ்மணி அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். "வடக்கு வாசல் வழியா வெளியே போகலாம்," என்றார் மெதுவாக. "செருப்பு அங்கதான் இருக்கும். சொல்லுங்கப்பா."

சொல் உதடு வரைக்கும் வந்துவிட்டது தெரிந்தது. தாடை அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. இருமலை அடக்குகிற மாதிரி, ஐயா வாயை இறுக்கி மூடி அதை உள்ளேயே வைத்துக்கொண்டார். இடது கை நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை. கண்ணில் நீர் கட்டியது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

மகன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். தமிழ்மணி எழுந்து போய் அவரிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு வந்து, பெட்டியை உள்ளே தள்ளி வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, இரவுக்கு இன்னொரு ஆளைப் போடலாம், உங்கள் முழங்காலை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, நேராகவே நடந்து சமையலறைக்குப் போனேன். அங்கே போய் நொண்டிக்கொண்டேன்.

ஷஹனாஸிடம் சொன்னபோது அவர் பேனாவை வைத்துவிட்டார். "நிறுத்தினாரா? நடுவுலயா? அவராவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இது இப்படி நடக்கும் என்று நான் எதிர்பார்த்ததுதான் என்றேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயாவைப் பேராலயத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன். யாராவது வந்து விசேஷம் கேட்டால் ரயில் கிளம்பும். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் நாற்காலியைத் தாண்டுவதில்லை. அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு பீடத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். வந்தவர்கள் முடிந்ததா இல்லையா என்று புரியாமல் நிற்பார்கள். அவர்களை அப்படியே விட முடியுமா?

முன்னால் போய் நின்று நான்தான் சொல்கிறேன். "வடக்கு வாசல் வழியா வெளியே போகலாம்ங்க. செருப்பு அங்கதான் இருக்கும்." போன வாரம் ஒரு அம்மா, முட்டையைப் பற்றிச் சந்தேகம் கேட்டார். ஆதாரம் உண்டு என்று சொல்லிவிட்டேன்.